மருந்துக் கட்டத்தில் பெருங்காயம்

எங்கள் வீட்டில் பெருங்காயத்துக்குச் சீட்டு கிடையாது. உப்புக்கு உண்டு, மிளகுக்கு உண்டு. பருப்பு டப்பாக்களில் வெள்ளைத் தாளில் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி நானே ஒட்டியிருக்கிறேன். பெருங்காயம் மட்டும் ஒரு சின்னப் பீங்கான் ஜாடியில், மற்ற சாமான்களுக்கு வாசனை ஏறிவிடாதபடி, சமையலறை ஜன்னல் ஓரம் தனியாக இருக்கும். கடையிலிருந்து கட்டியாக வரும். என் மனைவி காகிதத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, குழவியால் தட்டி உடைத்து, வெந்நீரில் ஊறப்போடுவாள். அந்தத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சாம்பாருக்கு, ஒரு ஸ்பூன் சாத்தமுதுக்கு. ரசத்தை நாங்கள் சாத்தமுது என்போம். தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவாள். கட்டி கரைந்துபோனால் இன்னொரு கட்டி. மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடுகிற பொருளுக்குச் சீட்டு எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் என் மகள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் திருச்சியில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். இரண்டு வருடமாக வயிறு உப்புசம், பேதி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. பார்த்தவர்கள் எல்லாரும் பரீட்சை பயம் என்றார்கள். கடைசியில் தில்லை நகரில் ஒரு குடல் மருத்துவர் ரத்தம் எடுத்து, எண்டோஸ்கோப்பி செய்து, சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமையில் இருக்கும் ஒருவகைப் புரதம் உள்ளே போனால் அவளுடைய உடம்பு தன் குடலையே அரித்துக்கொள்ளும். மருந்து கிடையாது. கோதுமையை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

"எந்த உருவத்திலயும் கூடாதுங்க. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். பார்லியும் ஆகாது" என்று சொல்லி, அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார்.

"ஒரு சிட்டிகை போனாக்கூடவா?" என்று கேட்டேன்.

"ஒரு சிட்டிகை தினமும் போனா போதும். குடல் ஆறாது."

அந்த ஒரு சிட்டிகையை நான் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். கல்லூரி நாளிலிருந்து டைரி எழுதுகிறவன் நான். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி என்றைக்கு வந்தது, எந்தக் கிழமை என்ன காய் என்பது வரைக்கும் இருக்கும். மகளுக்காகத் தனியாக ஒரு நீள நோட்டு போட்டேன். கோடு கிழித்து நான்கு கட்டம்: நேரம், உணவு, மருந்து, உடல்நிலை.

அன்றைக்கே அலமாரியைக் காலி செய்தோம். மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா, கோதுமை மாவு எல்லாம் எதிர் ஃபிளாட்டுக்குப் போயின. சப்பாத்திக் கல் பரணில் ஏறியது. பிறகு நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகையும் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோயா சாஸ் சோயாவால் மட்டும் ஆனதல்ல, அதில் கோதுமையும் புளிக்கிறது. பாலில் கலக்கும் சத்துமாவு பார்லியை முளைகட்டிச் செய்தது. ஓட்ஸ் தன்னளவில் நல்லதுதான், ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அதையும் அரைக்கிறார்கள். வறுத்த வேர்க்கடலைக்கு மேலே மொறுமொறுப்பாக ஒட்டியிருப்பது மைதா. உளுந்து அப்பளம் உளுந்துதான், ஆனால் சில இடங்களில் உருட்டும்போது ஒட்டாமலிருக்க மைதா தூவுகிறார்கள். காந்தி மார்க்கெட் பழக்கடையில் ஆப்பிள் மேலே பூசியிருக்கும் மெழுகில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன்.

"சார், நான் ஆப்பிள் விக்கிறேன், மெழுகுவத்தி விக்கல" என்றார் அவர். வீட்டுக்கு வந்து தோலைச் சீவிக் கொடுத்தேன்.

மகள் முதல் வாரம் சிரித்தாள். "அப்பா, என் பேதிக்கும் சீரியல் நம்பரா?" என்று நோட்டை எட்டிப் பார்த்தாள்.

நான்கு மாதம் ஓடிவிட்டது. அவள் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடை பார்த்து எழுதுவேன். ஒரு வாரம் கொஞ்சம் ஏறும், அடுத்த இரண்டு வாரம் இறங்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாமல் வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டாள். மறுபடி மருத்துவரிடம் போனோம். ரத்தத்தில் பார்க்கிற எண் குறையவே இல்லை. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"வெளில எங்கயாவது சாப்பிடறாளா? இந்த வயசுப் பசங்க வீட்ல சொல்ல மாட்டாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுப்போம். அப்பவும் குறையலைன்னா ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். ஹாஸ்பிடலும் வீடுமா இருக்க வேண்டி வரும். காலேஜை இந்த வருஷம் விடறதா இருந்தா விட்டுடுங்க."

என் நோட்டில் உணவுக் கட்டம் சுத்தமாக இருந்தது. அரிசி, பருப்பு, காய், தயிர், பழம். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் பிழை நோட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலமே அவளை உட்காரவைத்து விசாரித்தேன்.

"நேத்து கேன்டீன்ல என்ன சாப்பிட்டே?"

"தண்ணி."

"அதுக்கு முன்னாடி?"

"காத்து. அதையும் எழுதிக்கோங்கோ. காத்துக்கு லேபிள் இருந்தா படிச்சுப் பாருங்கோ."

"பரோட்டா வாசனைக்கு ஆசைப்பட்டு ஒரு வாய் சாப்பிட்டிருந்தாக்கூட..."

"சாப்பிடலைப்பா."

அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி மோர் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள். வயிறு உப்பினால் எங்கள் வீட்டில் செய்கிற முதல் காரியம் அதுதான். நீர்மோரில் உப்பு, கறிவேப்பிலை, ஜாடியிலிருந்து இரண்டு ஸ்பூன் பெருங்காயத் தண்ணீர்.

"குடிச்சுடுடீ. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"குடிச்சா இன்னும் ஊதறதும்மா."

"வாயு வெளியில போறதுக்கு முன்னாடி அப்படித்தான் முட்டும். நீங்க கொஞ்சம் சொல்லுங்கோளேன்!"

நானும் போய்ச் சொன்னேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மனைவி ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை வந்த கட்டியில காரமே இல்லை. பெரிய கடை வீதிப் பக்கம் போய் நல்லதா வாங்கிண்டு வாங்கோ. கொழந்தைக்கு மோர்ல போடறதுக்கு" என்றாள். காலை ஒன்பதரை பஸ்ஸில் போனேன்.

பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் நாட்டு மருந்துக் கடை. என் வயதுள்ள ஒரு பாய் வைத்திருக்கிறார். சித்தரத்தை, அதிமதுரம் வாங்க நான் வருடத்துக்கு நாலைந்து தடவை போவதுண்டு.

"வாங்க சாமி. என்ன வேணும்?"

"பெருங்காயம் பாய். ரொம்ப நல்லதா."

"சமையலுக்கா, மருந்துக்கா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. மருந்துக்கு என்றேன்.

"அப்ப கட்டி வேணாம். பால் பெருங்காயம் தரேன், இருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து திறந்தார். செம்பழுப்பாக, பிசினாக, பாகு முறுகின மாதிரி ஒன்று இருந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன்.

அவர் சிரித்தார். "இதான் சாமி அசல். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துல ஒரு செடி. வேரைக் கீறிவிட்டா பால் வடியும். காஞ்சா இது. இதை நீங்க கட்டியைப் போடற மாதிரி சாம்பார்ல போட்டா உங்க தெருவே எந்திரிச்சு ஓடிடும். கையில ஒட்டிச்சுன்னா ரெண்டு நாளைக்குச் சோப்புக்கும் போவாது. அதனாலதான் கூட்டுப் பெருங்காயம்னு பண்றாங்க. பால் கொஞ்சம், கோந்து கொஞ்சம், மிச்சம் மாவு."

"என்ன மாவு?"

"மைதாதான்."

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "எதுல?"

"கட்டியில, தூள்ல எல்லாத்துலயும்தான். சில பேரு அரிசி மாவு போடறாங்க. கட்டி பிடிக்கிறதுக்கு மைதாதான் தோது. மறைச்செல்லாம் ஒண்ணும் பண்ணலயே, காகிதத்துல போட்டிருப்பாங்க பாருங்க."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நீட்டினார். எங்கள் வீட்டுக்கு வருகிற அதே அளவு, அதே நிறக் காகிதம். என்னுடைய மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ள ஏனோ வெகு நேரமாயிற்று. எறும்பு மாதிரி எழுத்து. கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். அந்த வரிசையில் பெருங்காயம் கடைசி.

ஆப்பிள் மெழுகைக்கூட விசாரித்த நான் இந்தக் காகிதத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் அது குப்பைக்குப் போயிருக்கும். அது மட்டும் காரணமல்ல. கையில் கிடைத்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"உக்காருங்க சாமி. மொகமே வெளுத்துப் போச்சு. யாருக்கு என்ன?"

சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தகர டப்பாவை மூடி உள்ளே தள்ளினார்.

"அப்ப இதையும் தர மாட்டேன். நான் எதுவும் கலக்கல. ஆனா எனக்கு முன்னாடி நாலு கை மாறி வந்திருக்கு. அதுல யாரு என்ன பண்ணாங்கன்னு அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது. பொம்பளப் புள்ள உடம்பு. வேணாம் சாமி." பிறகு என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ சொன்னார்: "உங்க வீட்ல பூண்டு சேக்க மாட்டீங்க, அதான் சங்கடம். எங்க வீட்ல இது ஒரு கட்டி வாங்கினா வருஷம் ஓடும். நாலு பல்லு பூண்டைத் தட்டிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

அந்தக் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டி நின்று நின்று போயிற்று. நான் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் என்று கணக்குப் போட முயன்று, இரண்டு தடவை தப்பாகி, விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"பெருங்காயத்துலயா? யாரு சொன்னா?"

கேட்டு வாங்கி வந்திருந்த காகிதத்தைக் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை. ஜாடியைப் பார்த்தாள். "நான்தானே கொடுத்தேன். அவ வேண்டாம் வேண்டாம்னா. என் கையால கரைச்சு..." என்றாள்.

நோட்டை எடுத்தேன். பெருங்காயம் நான் எழுதாமல் விட்ட பொருள் அல்ல. அதுதான் என்னை அடித்துப்போட்டது. ஒவ்வொரு டம்ளரும் தேதியோடு, மணியோடு, என் கையெழுத்தில் இருந்தது. மருந்துக் கட்டத்தில் இருந்தது. கோதுமையைத் தேடியபோதெல்லாம் நான் உணவுக் கட்டத்தில் மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்திருக்கிறேன். உடல்நிலை மோசம் என்று எழுதிய நாட்களுக்குப் பக்கத்தில் மருந்துக் கட்டத்தைப் பார்த்தால் முந்தின நாளும் மோர், அன்றும் மோர். வயிறு ஊதியதால் மோர், மோரால் மறுபடி வயிறு. ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "மறுத்தாள். வற்புறுத்திக் கொடுத்தேன்."

இன்னொரு பக்கமும் இருந்தது. மனைவி துறையூரில் ஒரு சீமந்தத்துக்குப் போய் நான்கு நாள் தங்கியபோது ஜாடி காலியாகிவிட்டது. எனக்குக் கட்டி உடைத்து ஊறப்போடத் தெரியாது. தயிர் சாதமும் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குமாக ஓட்டினேன். அந்த நான்கு நாளில் கடைசி இரண்டிலும் உடல்நிலைக் கட்டத்தில் "நலம்". பக்கத்தில் என் குறிப்பு: "காரணம் தெரியவில்லை. ஓய்வாக இருக்கலாம்."

சமையலறையில் அதற்குள் மனைவி எல்லா மூடியையும் திறந்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டாள். சாம்பார்ப் பொடியில் இருக்கு. சாத்தமுதுப் பொடியில் இருக்கு. தோசை மிளகாய்ப்பொடியில் இருக்கு. மாவடுவில் இருக்கு. நார்த்தங்காயில் இருக்கு. புளிக்காய்ச்சலில் இருக்கு. கோதுமையை விரட்டிய அலமாரியில் ஒரு பாட்டில் மிச்சமில்லாமல் அது உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை எதிர் ஃபிளாட்டுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள்.

மகள் நாலு மணிக்கு வந்தாள். கைகால் அலம்பிவிட்டு வரட்டும் என்று நான் காத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மோர்லயா?"

"ஆமாம்."

"நான் பரோட்டா திருடித் தின்னுட்டேன்னு சொன்னேளே."

"சொன்னேன்."

"நோட்டுல எழுதினேளா?"

நான் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அவளே சத்தமாகப் படித்தாள்: "கேன்டீனில் சாப்பிட்டிருக்கலாம். ஒப்புக்கொள்ள மறுக்கிறாள்."

பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அதை அடிங்கோ."

இத்தனை வருடத்தில் என் டைரியில் ஒரு வரியை நான் அடித்ததில்லை. தப்பாக எழுதியிருந்தால் கீழே திருத்தம் என்று எழுதுவேன். அன்று அடித்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வயிற்று உப்புசம் இரண்டு வாரத்தில் குறைந்தது, உண்மை. ஆனால் பெருங்காயம் இல்லாத சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. மனைவி ஒரே நாளில் புதிதாகப் பொடி வறுத்து அரைத்தாள். மிளகைக் கூட்டினாள், சீரகத்தைக் கூட்டினாள், கொத்தமல்லி ஒரு கட்டை அப்படியே கிள்ளிப் போட்டாள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "புளி போட்ட வெந்நீர்மா" என்பாள். அரைத் தட்டில் எழுந்துவிடுவாள். டெஸ்டுக்கு இருப்பது இன்னும் இரண்டு மாதம். குடல் ஆறினாலும் உள்ளே ஏதாவது போனால்தானே எடை ஏறும்? ஞாயிற்றுக்கிழமைகளில் முள் அதே இடத்தில் நின்றது.

ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "என் கிளாஸ்ல எல்லார் வீட்டுலயும் பூண்டு ரசம்" என்று சொன்னாள். யாரிடமும் கேட்கிற மாதிரி இல்லை, சும்மா சொன்னாள். பாய் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வெங்காயம் எப்போதாவது எங்கள் சாம்பாருக்கு வந்துவிடும். பூண்டு மட்டும் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. தினமும் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணாமல், சமைத்த தளிகையை என் மனைவி தொட விடமாட்டாள். அவளிடம் அதை யார் சொல்வது?

அதற்கு அடுத்த ஞாயிறு, பதினொன்றே கால் மணி. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாசனை வந்தது. எதிர் ஃபிளாட்டிலிருந்து என்று நினைத்து ஜன்னலைச் சாத்தப் போனேன். வாசனை எங்கள் பால்கனியிலிருந்து வந்தது.

துணி காயப்போடும் இடத்தில், ஒரு முக்காலி மேல் இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் மேல் புது எவர்சில்வர் பாத்திரம், அடியில் கடைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. தரையில் ஒரு செய்தித்தாள் மேல் தோலும் தட்டின பல்லும். என் மனைவி மடிசார் கட்டிக்கொள்ளாத நாளில் உடுத்தும் பழைய நூல் புடவையோடு, மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருடமாக நான் அறிந்த பெண். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பார்க்கறேள்? பெருமாளுக்கு உள்ளே தனியா பண்ணியாச்சு. இதைப் பத்தி அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்."

"எத்தனை பல்லு போட்டே?"

"உங்களை எழுத வேண்டாம்னேன்."

"சும்மா கேட்டேன்."

"அஞ்சு. ஜாஸ்தியா?"

எனக்கு எப்படித் தெரியும்?

மகள் பால்கனி வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், அந்தப் பாத்திரத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. அம்மா எதிரே நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சாதம் முடிந்தது. மகள் தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி" என்றாள். மனைவி இரண்டாக விட்டாள். நான் உணவுக் கட்டத்தில் எழுதினேன்: பூண்டு, ஐந்து பல்.

இரண்டு மாதம் கழித்து மூவருமாகத் தில்லை நகர் போனோம். மருத்துவர் ரிப்போர்ட்டை ஒரு தடவை பார்த்தார், திருப்பிப் பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தார். எண் பாதிக்கும் கீழே வந்திருந்தது.

"ஸ்டீராய்டு வேண்டாம். இப்படியே போகட்டும். காலேஜுக்குத் தாராளமா போலாம். என்ன மாத்தினீங்க?"

"எங்கம்மா பூண்டு வாங்கினா, டாக்டர்" என்றாள் மகள்.

அவருக்குப் புரியவில்லை. நான் நோட்டைப் பிரித்து வைத்து, மருந்துக் கட்டத்தில் விரலை வைத்து, முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே அவர் நிறுத்தினார்.

"பெருங்காயத்துலயா? பெருங்காயத்துல மைதாவா?"

காகிதத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து, முதல் நாள் எங்களுக்குக் கொடுத்த அந்த அச்சடித்த தாள்களின் கட்டை வெளியே எடுத்தார். முதல் தாளில் கடைசி வரிக்குக் கீழே பெருங்காயத்தையும் சேர்த்துப் பேனாவால் எழுதினார். இடம் போதாமல் எழுத்து ஓரத்தில் வளைந்து மேலே ஏறிற்று. அடுத்த தாளை எடுத்து அதிலும் எழுதினார். நாங்கள் விடைபெற்று வெளியே வரும்போதும் எழுதிக்கொண்டிருந்தார்.